ஜனவரியில் தால் சாப்பர், ஜோர்பீர்: வெட்டவெளியில் படம் கூர்மையாக விழ என்ன வழி?

மயூர்விஹார்_மைனா:

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி முதல் வாரம் டெல்லியிலிருந்து காரில் கிளம்பி ராஜஸ்தானில் மூன்று இரவு தங்கிப் பறவைப் படம் எடுப்பதாகத் திட்டம். வெளிமான் சரணாலயமான தால் சாப்பரில் இரண்டு நாள், பிகானேர் பக்கம் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) கூடும் ஜோர்பீரில் ஒரு நாள். அப்படியே ஜெய்சல்மேர் வரை ஓட்டிப் போய் கானமயிலையும் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) பார்த்துவிடலாம் என்று கூட வருகிறவர் சொல்கிறார்.

கேமரா கிராப் சென்சார். லென்ஸ் 150-600, எஃப் 5-6.3. லென்ஸின் எட்டத்தை 1.4 மடங்காக்கும் டெலிகன்வர்ட்டர் ஒன்றும் இருக்கிறது. சுல்தான்பூரில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை நல்ல கூர்மையாக விழுகிறது. அதே லென்ஸை நஜஃப்கட் ஜீல் மாதிரி வெட்டவெளியில் பத்து மணிக்கு மேல் பிடித்தால், 1/2000 வைத்தாலும் இறகெல்லாம் மெழுகிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. ஃபோகஸ் புள்ளி பறவை மேல்தான் காட்டுகிறது. லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டுமா, இல்லை பயணத்துக்கு 600 எஃப் 4 வாடகைக்கு எடுப்பது நல்லதா? மணலிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி, டிரைபாடா பீன்பேகா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிமரத்தடி:

லென்ஸை எங்கேயும் கொடுக்காதீங்க, 600 எஃப் 4-உம் வேண்டாம். நீங்க சொல்ற அறிகுறி அத்தனையும் கானலுக்குத்தான் பொருந்துது. வெயில் ஏறினதும் தரை சூடாகி, அதை ஒட்டின காத்து கொப்பளிச்சு மேல வருது, மேல இருக்கிற குளிர்ந்த காத்து கீழ இறங்குது. சூடான காத்துலயும் குளிர்ந்த காத்துலயும் ஒளி வேற வேற அளவுல வளையும். பறவைகிட்டேருந்து வர்ற ஒளி அந்தக் கலக்கத்தைத் தாண்டித்தான் லென்ஸுக்கு வந்தாகணும். செடிகொடி இல்லாத மணல் சீக்கிரம் சூடாகும், அதனால பாலைவனத்துல இந்தத் தொல்லை அதிகம். பெரிய லென்ஸ் கலங்கின காத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்கும். டெலிகன்வர்ட்டர் இன்னும் மோசம். அதை வீட்டிலேயே வச்சுட்டுப் போங்க.

சந்தேகம் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. வெட்டவெளியில ஒரு வேலிக்கம்பத்தைக் குறி வச்சு, லென்ஸை எது மேலயாவது அழுத்தி ஊன்றி, ஆட்டோஃபோகஸ்ல பிடிச்சுட்டு மேனுவலுக்கு மாத்திப் பூட்டிடுங்க. 1/2000-ல தொடர்ச்சியா பதினைஞ்சு இருபது படம் எடுத்து, 100 சதவீதத்துக்குப் பெருசாக்கிப் பாருங்க. ஒரு படத்துல கம்பி கூர்மை, அடுத்ததுல குழைவு, அதுக்கடுத்ததுல கம்பியே நெளிஞ்சிருக்குன்னா அது காத்தோட வேலை. எல்லாப் படமும் ஒரே அளவு மங்கலா இருந்து, கம்பத்துக்கு முன்னாடியோ பின்னாடியோ இருக்கிற புல்லு மட்டும் கூர்மையா இருந்தா ஃபோகஸ் கோளாறு. அப்போ மட்டும் சர்வீஸ் பத்தி யோசிக்கலாம். ஓரங்கள் எல்லாம் ஒரே திசையில ரெண்டா தெரிஞ்சா நடுக்கம், பெரும்பாலும் அணைக்காத இன்ஜின்.

கானலுக்கு மருந்து ரெண்டே ரெண்டு: நேரமும் தூரமும். ஜனவரியில சூரியன் வந்து ஒண்ணரை, ரெண்டு மணி நேரம் வரைக்கும் காத்து தெளிவா இருக்கும். அதுக்கப்புறம் 40, 50 மீட்டர் தள்ளி இருக்கிற பறவையை மறந்துடுங்க. 15 மீட்டருக்குள்ள வந்தா மட்டும் எடுங்க. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 16 செ.மீ. நீளமுள்ள வானம்பாடி 15 மீட்டர்ல, 600 மி.மீ.-ல உங்க சென்சார் மேல 6.4 மி.மீ. நீளத்துக்கு விழும், அதாவது அகலத்துல கால் பங்குக்கு மேல. அதுக்கு மேல டெலிகன்வர்ட்டர் எதுக்கு? மேகமூட்டமான நாள் கிடைச்சா பகல் முழுக்க வேலை பார்க்கலாம், அன்னைக்கு ஓய்வெடுத்துடாதீங்க.

தரையோட தரையா படுத்து எடுக்கச் சொல்லி எல்லாரும் அறிவுரை சொல்லுவாங்க. பின்னணி அழகா கரையும், உண்மைதான். ஆனா பாலைவனத்துல கலங்கல் அதிகமா இருக்கிறதே தரையிலேருந்து முதல் ஒண்ணு ரெண்டு அடிக்குத்தான். படுத்துட்டா முழுத் தூரமும் அதுக்குள்ளேயே பார்க்கிறீங்க. அதனால படுத்து எடுக்கிறதெல்லாம் விடிஞ்ச முதல் ஒரு மணி நேரத்தோட சரி. வெயில் ஏறின பிறகு கார் ஜன்னல் உயரம்தான் நல்லது, அதிலும் புதர் உச்சியில உட்கார்ந்த கீச்சான், வன்னி மரத்துல உட்கார்ந்த கழுகு, தலைக்கு மேல பறக்கிறது, இதையெல்லாம் தேடுங்க.

பலர் கவனிக்காத ஒண்ணு: கானல் உங்க காருக்குள்ளேயே உருவாகும். ஜனவரி காலையில ஹீட்டர் போட்டு வண்டி ஓட்டி, பறவையைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினா, உள்ள இருக்கிற சூடான காத்து லென்ஸ் முன்னாடிதான் வெளிய போகும். பக்கத்துல இருக்கிற பறவைகூட அப்போ குழையும். சரணாலயத்துக்குள்ள நுழையுறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடியே ஹீட்டரை நிறுத்தி எல்லாக் கண்ணாடியையும் இறக்கிடுங்க. பானெட்டுக்கு மேலா எடுக்காதீங்க. லென்ஸையும் ராத்திரி அறைச் சூட்டுல வச்சுட்டு நேரா குளிருக்குள்ள நீட்டாதீங்க. உள்ளிருக்கிற கண்ணாடியும் ஹூடுக்குள்ள தேங்கின காத்தும் குளிர்ற வரைக்கும் படம் கூர்மையாகாது. டிக்கியில வச்சு எடுத்துட்டுப் போனா இந்தப் பிரச்சினை இல்லை.

துவாரகா_பருந்து:

வன்னிமரத்தடி சொன்னதை அப்படியே ஏற்கிறேன், டெலிகன்வர்ட்டர் விஷயம் தவிர. ஜோர்பீரில் சூரியன் எழுந்த கொஞ்ச நேரத்தில் காய்ந்த மரத்தில் பாறுகள் சிறகு விரித்து வெயில் காயும்போது காற்று அசையாமல் இருக்கும். உங்கள் லென்ஸில் 1.4 போட்டால் எஃப் 9 ஆகிவிடும், பல கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். உங்களிடம் இருப்பது கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) கேமரா என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அது பயன்படும்.

இனி எக்ஸ்போஷர். மணலும் வெளுத்த புல்லும் ஒளியளவியை ஏமாற்றும். எல்லாவற்றையும் சாம்பலாக்கப் பார்த்து படத்தை இருட்டாக்கிவிடும். தானியங்கி முறையில் எடுப்பதானால் எக்ஸ்போஷர் திருத்தத்தை மணல் பின்னணிக்கு +0.7 வையுங்கள், வெளிர்வானத்தில் பறக்கும் கழுகுக்கு +1 முதல் +1.7. ஆனால் பூனைப்பருந்து (ஹாரியர்) ஒன்று புல்லிலிருந்து எழும்பி வானத்துக்குப் போய் மறுபடி புல்லில் இறங்க இரண்டு மூன்று வினாடிதான் ஆகும். பின்னணி மாற மாற அளவியும் மாறிக்கொண்டே இருக்கும். வெயில் நிலையாக இருக்கும்போது முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். தெளிந்த வெயிலில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 1/1600 அடிப்படை. காலையில் சூரியன் தாழ இருக்கும்போது ஐஎஸ்ஓவை 800 அல்லது அதற்கு மேல் ஆக்குங்கள். ஆண் வெளிர் பூனைப்பருந்து, மஞ்சள்முகப் பாறு போன்ற வெளுத்த பறவைகளுக்கு இதிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை இறகில் ஒன்றும் மிஞ்சாது. ரா கோப்பாக எடுங்கள்.

எஃப் 6.3-இல் 15 மீட்டரில் உங்களுக்குக் கிடைக்கும் ஃபோகஸ் ஆழம் ஏறக்குறைய 16 செ.மீ. தான். வானம்பாடிக்குப் போதும். சிறகு விரித்த கழுகுக்கு அதே தூரத்தில் போதாது, எஃப் 8 வையுங்கள். பறவையின் கண்ணைத் தேடிப்பிடிக்கும் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், உயரமான புல்லில் அதை முழுக்க நம்ப வேண்டாம். முன்னால் ஆடும் புல் கதிரைப் பிடித்துக்கொண்டு விடாது. சிறிய ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, முதலில் பறவையின் காலடித் தரையில் ஒருமுறை பிடித்துவிட்டு மேலே ஏற்றுங்கள். பறக்கும் பறவைக்கு லென்ஸில் உள்ள லிமிட்டரை (ஃபோகஸ் தேடும் தூரத்துக்கு வரம்பு வைக்கும் பொத்தான்) தூரப் பக்கம் தள்ளிவிட்டால் தேடல் குறையும். பயிற்சிக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். காசிப்பூர் குப்பைமேட்டுக் கரும்பருந்துகள் மயூர் விஹார் மொட்டைமாடிக்கு மேல் நாள் முழுக்கச் சுற்றுகின்றன. தினமும் அரை மணி நேரம் அவற்றைத் தொடர்ந்து பழகினால் கை தானாக வந்துவிடும்.

தூசி. உங்கள் ஜூம் நீளும் வகை என்றால், ஒவ்வொரு முறை நீட்டும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தூசியில் நீட்டிச் சுருக்கி விளையாடாமல் 600-லேயே பூட்டி வைத்து, மேலே மழையுறை போட்டு, லென்ஸ் நீளும் இடத்தை மூடிவிடுங்கள். வெளியில் லென்ஸ் மாற்றவே கூடாது. முன்னால் இன்னொரு வண்டி போனால் அதன் தூசி அடங்கும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு நில்லுங்கள். முன்கண்ணாடியில் மணல் ஒட்டினால் முதலில் ஊதுபந்து, பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி. மணலோடு துணி பட்டால் கோட்டிங்கில் கீறல் விழும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்துக் கறையாகும். இரவில் அறைக்குத் திரும்பியதும் எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெளுத்த சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் புள்ளி இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

தால் சாப்பரில் வண்டியை விட்டு இறங்காமல் எடுப்பதால் பீன்பேக் போதும். சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி கேமரா மார்க்கெட்டில் தேடிப் பாருங்கள், இல்லை தையற்காரரிடம் பழைய ஜீன்ஸ் காலில் தைத்துக்கொள்ளுங்கள். காலியாக எடுத்துப் போய் அங்கே மளிகைக் கடையில் இரண்டு மூன்று கிலோ பாசிப்பருப்போ கடலையோ வாங்கி நிரப்பலாம். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். திணித்து நிரப்பினால் லென்ஸ் பதியாமல் உருளும். மணலை நிரப்பாதீர்கள், தையல் வழியாகக் கசிந்து நேராக லென்ஸ் வளையத்துக்குள் போகும். டிரைபாட் கொண்டுபோவதானால் கடைசிக் கணுவை நாலு விரற்கடை இழுத்து வையுங்கள். பூட்டு மணலில் புதையாது.

ஆர்கேபுரம்_அக்கா:

தம்பி, கேமரா சங்கதியெல்லாம் மேலே சொல்லிட்டாங்க. நான் தேதியையும் இடத்தையும் பத்திச் சொல்றேன்.

முடிஞ்சா பயணத்தைப் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போடு. ஜனவரி முதல் வாரத்துல ரோத்தக், ஹிசார் சாலையில மூடுபனி எப்படி இருக்கும்னு டெல்லிக்காரங்களுக்குச் சொல்லணுமா? விடியக்காலை மூணு மணிக்குக் கிளம்பி அதுக்குள்ள ஓட்டுறது உயிருக்கு ஆபத்து. தேதியை மாத்த முடியாதுன்னா, பனி விலகினப்புறம் பத்து மணிக்குக் கிளம்பி ஹிசார், ராஜ்கட், சூரு, ரத்தன்கட் வழியா சாயங்காலம் போய்ச் சேரு. முதல் நாளைப் பயணத்துக்கே விட்டுடு. வண்டி வேண்டாம்னா சராய் ரோஹில்லாவிலிருந்து சூரு, சுஜான்கட் வழியா ஜோத்பூர் போற ரயில் இருக்கு. சுஜான்கட்ல இறங்கினா சாப்பர் பக்கம்தான்.

பிப்ரவரி கடைசியைச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் சாண்டா. அந்த முள்வால் பல்லி குளிர்காலம் பூரா வளை வாயை மண்ணால அடைச்சுட்டுத் தூங்கும். வெயில் சூடு ஏறினதும் வெளிய வந்து வளை வாசல்ல உட்காரும். அப்போ லக்கர் வல்லூறும் மத்த வேட்டைப் பறவைகளும் அதுக்காகத் தாழப் பறக்கும். ஜனவரியில அந்தக் காட்சி கிடைக்காது. பூனைப்பருந்துகளும் வடக்கே திரும்பிப் போறப்போ மார்ச்சில் கூடும். ஆனா ஜோர்பீருக்கு ஜனவரிதான் உச்சம், அதையும் மறைக்காம சொல்லிடறேன். ரெண்டுல எது முக்கியம்னு நீயே முடிவு பண்ணு.

தால் சாப்பர் சின்ன இடம், ஏழு சதுர கிலோமீட்டர் சுமார். அதனால அவசரப்பட்டுச் சுத்த வேண்டாம். சூரியன் முதுகுப் பக்கம் விழற மாதிரி ஒரு இடம் பார்த்து இன்ஜினை அணைச்சுட்டு அரை மணி இரு. வெளிமான் கூட்டம் நடக்கிறப்போ புல்லிலிருந்து பூச்சி கிளம்பும், அதைப் பிடிக்கப் பறவைங்க கூடவே வரும். பறவையைப் பார்த்து நேரா ஓட்டாதே. பாதையிலேயே சாய்வா, நின்னு நின்னு போ. அது தலையைத் தூக்கி உடம்பை விறைச்சா அங்கேயே நிறுத்திடு, மறுபடி மேய ஆரம்பிச்சப்புறம் நகரு. பாதையை விட்டு டயர் இறங்கவே கூடாது. சாண்டா வளையும் தரைக்கூடும் அதுக்கடியிலதான் இருக்கு. கோசாலைப் பக்கம் வன்னி மரங்கள்ல புள்ளி போட்ட மரமேறி ஒண்ணு உண்டு, ஸ்பாட்டட் கிரீப்பர்னு தேடிப் பாரு. அடிமரத்துலேருந்து மேல மேல ஏறும், உச்சி போனதும் அடுத்த மரத்தோட அடிக்குப் பறக்கும். அதனால அடுத்த மரத்துல முன்கூட்டியே ஃபோகஸ் வச்சுக் காத்திரு. போன்ல கூவல் போட்டுக் கூப்பிடாதே. இருக்கிறதே கொஞ்சம், ஒவ்வொரு கேமராக்காரரும் கூப்பிட்டா அது எப்போ இரை தேடும்?

சாயங்காலம் பூனைப்பருந்துங்க புல்லுல அடையறப்போ ஹெட்லைட் அடிக்காதே. இருட்டறதுக்கு முன்னாடி கிளம்பிடு.

ஜோர்பீர் செத்த மாடு, ஒட்டகம் போடற இடம், பிகானேருக்கு வெளியே ஒட்டக ஆராய்ச்சி நிலையம் இருக்கிற பக்கம். தெருநாய்க் கூட்டம் பெருசு, காரை விட்டு இறங்காதே. காலையில பாறுங்க மரத்துலயும் தரையிலயும் இருக்கும், தரை சூடாகி காத்து மேல எழும்ப ஆரம்பிச்சதும் ஒவ்வொண்ணா எழும்பி வட்டம் போட்டுக் கண்ணுக்கு எட்டாத உயரம் போயிடும். ஆகவே விடியறப்பவே உள்ள இரு. குளிர்காலத்துல அங்க யூரேசியப் பாறு, இமயப் பாறு, கரும்பாறு, மஞ்சள்முகப் பாறு நாலும் சேர்ந்து இருக்கும். அடையற நேரத்துல மஞ்சள் கண் புறாக்களையும் பாரு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாட்டுப் பிணத்தைத் தின்ன பாறுங்களைக் கொன்னுச்சு; அதை 2006-ல நிறுத்தினப்புறமும் பாறுங்க எண்ணிக்கை பழைய நிலைக்கு வரலை. பிணத்துக்குப் பக்கத்துல வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி அதுங்களைச் சாப்பிட விடாம பண்ணிடாதே.

கானமயில் வேண்டாம். பிகானேர்லேருந்து ஜெய்சல்மேர் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, உன் மூணு ராத்திரியில போய்த் திரும்ப நேரமில்லை. நேரம் இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன். நாட்டுல மொத்தமே நூத்தைம்பதுக்கும் குறைவா இருக்கு. பக்கப் பார்வைதான் அதுக்கு நல்லாத் தெரியும், நேர் முன்னாடி தெரியறது கம்மி. கனத்த உடம்போட தாழப் பறந்து மின்கம்பியில மோதிச் சாகுது. வண்டி துரத்தித் துரத்திப் பறக்க வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஆபத்துக்குள்ள தள்ளறோம். என்னைக்காவது போறதா இருந்தா, அதுக்குன்னு தனியா நாள் ஒதுக்கி, அனுமதிச்ச பாதையில நின்னு தொலைநோக்கியில பாரு. படத்தைப் போடறப்போ இடக்குறிப்பை நீக்கிடு. ஆந்தை அடையற மரத்துக்கும் இதே விதிதான்.

மயூர்விஹார்_மைனா:

மூவருக்கும் மிக்க நன்றி. டெலிகன்வர்ட்டரை ஜோர்பீருக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஜெய்சல்மேரை விட்டுவிட்டோம். தேதியை மாற்ற முடியவில்லை, பள்ளி விடுமுறை அப்போதுதான். இன்னும் இரண்டு சந்தேகம். ஜோர்பீரில் ஸ்டெப்பி கழுகையும் டானி கழுகையும் எப்படிப் பிரித்தறிவது? சூருவில் வெப்பம் பூஜ்ஜியத்துக்குக்கூட இறங்கும் என்கிறார்களே, அந்தக் குளிரில் கேமராவுக்கு என்ன ஆகும்?

வன்னிமரத்தடி:

கழுகை வாய்க்கோட்டை (அலகு ஓரத்திலேருந்து கண் பக்கம் ஓடுற மஞ்சள் கோடு) வச்சுப் பிரிங்க. ஸ்டெப்பி கழுகுக்கு அந்த மஞ்சள் கோடு கண்ணோட பின் ஓரம் வரைக்கும் நீளும். டானி கழுகுக்குக் கண்ணோட நடுவுக்கு வந்து நின்னுடும். ஸ்டெப்பியோட கண் கருமையா இருக்கும், வளர்ந்த டானியோட கண் மஞ்சள் கலந்த பழுப்பு. இளம் ஸ்டெப்பி பறக்கிறப்போ சிறகுக்கு அடியில நீளவாக்குல அகலமா ஒரு வெள்ளைப் பட்டை ஓடும், அதைத் தூரத்திலேருந்தே பிடிச்சுடலாம். முகத்தைப் பக்கவாட்டுல தெளிவா ஒரு படம் எடுத்துட்டு, அப்புறம் அழகான படத்துக்குக் காத்திருங்க. வாய்க்கோடு தெரியாத படத்தை வச்சு யாராலும் உறுதியா சொல்ல முடியாது.

குளிர் கேமராவைக் கெடுக்காது, பேட்டரியைத்தான் உறிஞ்சும். மாத்துப் பேட்டரியைச் சட்டை உள்பையில உடம்புச் சூட்டுல வையுங்க. தீர்ந்துபோச்சுன்னு காட்டுறதையும் உள்ள வச்சு வெதுவெதுப்பாக்கினா இன்னும் கொஞ்சம் படம் வரும். ஆபத்து திரும்பி வர்றப்போதான். குளிர்ந்த கேமராவை ரூம் ஹீட்டர் இருக்கிற அறைக்குள்ள நேரா கொண்டுபோனா கண்ணாடி மேலயும், சில சமயம் உள்ளேயும் நீர் கோத்துக்கும். வெளியிலேயே மெமரி கார்டை எடுத்துட்டு, கேமராவையும் லென்ஸையும் காத்து புகாத பிளாஸ்டிக் பையில போட்டு மூடிட்டு, அப்புறம் உள்ள போங்க. நீர் பை மேல கோத்துக்கும், கேமரா மேல இல்லை. ஒரு மணி நேரம் கழிச்சுத் திறங்க.

துவாரகா_பருந்து:

இன்னும் ஒன்று. அங்குள்ள பூரட் புல்லின் முள்விதை கம்பளித் துணியில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் விரலில் ஏறும். பீன்பேக் துணியும் உங்கள் வெளிச்சட்டையும் வழவழப்பான செயற்கை இழையாக இருக்கட்டும். சின்ன இடுக்கி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். சீமைக் கருவேல முள் டயரைக் குத்தும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று டெல்லியிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.